உடன்பிறந்தாரையும் பரிசோதியுங்கள்

நம் பகுதியில் ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டால், நம்மவர் வாயில் முதலில் வரும் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டோ?" என்பதுதான். இல்லையென்று தெரிந்ததும், "காமாலையைக் கவனியாமல் விட்டிருப்பார்கள்" என்று தீர்ப்புக் கூறிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். குடியும் தொற்றுக் காமாலையும் ஈரலைக் கெடுப்பன என்பதில் ஐயமில்லை. ஆயின் மதுவின் வாடையும் அறியாத பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும், முப்பது வயதில் இரவுப் பணி பகற்பணி என்று பாராமல் உழைக்கும் இளைஞனுக்கும் ஈரல் ஓசையின்றிக் கெட்டுப்போகும் நோய் ஒன்று உண்டு. அது வெளியிலிருந்து வருவதன்று. தாய் தந்தையர் இருவர் வழியாகவும் பிறப்போடு வருவது. அதன் பெயர் வில்சன் நோய்.

அந்நோயைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றே. பரம்பரையாக வரும் நோய்களுள், காலத்தில் கண்டுகொண்டால் மாத்திரையால் கட்டுப்படுத்தக் கூடியவை மிகச் சில. அச்சிலவற்றுள் இது ஒன்று. ஆகவே ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உண்டென்று தெரிந்தவுடன், அவருடைய அண்ணன், தம்பி, அக்காள், தங்கை அனைவரையும், அவர்கள் எவ்வளவு திடமாக இருந்தாலும், பரிசோதித்துவிட வேண்டும். கண்டுபிடித்த மருத்துவர் இதனைத் தவறாமல் சொல்லுவார். கேட்டுக்கொண்டு வந்த வீட்டார் பல காரணங்களால் தள்ளிப்போடுவார்கள். அந்தக் காரணங்கள் எவை, அவற்றிற்கு விடை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதுபவன் மருத்துவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா. மருத்துவ நூல்கள் சொல்வதை நம் வீட்டார்க்கு விளங்கும்படி எடுத்துரைப்பதோடு என் வேலை முடிந்தது. நோயைத் தீர்மானிப்பதும் மருந்து கொடுப்பதும் மருத்துவர் பொறுப்பு.

சரக்கு யார்டும் ஈரலும்

செம்பு என்னும் உலோகம் நம் உடலுக்கு வேண்டிய பொருள்களுள் ஒன்று. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருந்தால் போதும். நாம் உண்ணும் பருப்பு, தானியம், கடலை, கீரை இவற்றிலிருந்தே அது கிடைத்துவிடுகிறது. பெரும்பாலும் வேண்டியதற்குச் சற்று மிகுதியாகவே கிடைக்கிறது. மிகுந்ததை வெளியேற்றும் பொறுப்பு ஈரலுடையது.

துறைமுகச் சரக்கு வண்டிகளைக் கண்டு பழகிய வடாலாவாசிகளுக்கு இதனை ஒரு சரக்கு யார்டைக் கொண்டு விளக்கலாம். உணவிலிருந்து வரும் செம்பு முழுவதும் முதலில் ஈரல் என்னும் யார்டுக்கு வந்து சேருகிறது. அங்கே ஒரு கலாசி இருக்கிறார். அவருக்கு வேலை இரண்டு. உடலுக்கு வேண்டிய செம்பை ஒருவகை வேகனில் ஏற்றி இரத்தத்தில் அனுப்புவது முதல் வேலை. மிஞ்சிய செம்பைப் பித்தநீரில் தள்ளி, மலத்தின் வழியே வெளியேற்றுவது இரண்டாவது வேலை. அந்த வேகனுக்குச் செருலோபிளாஸ்மின் என்று பெயர். அது நீல நிறமுள்ள ஒரு புரதம். கலாசிக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ஏ.டி.பி.7பி. அவரும் ஒரு புரதமே.

வில்சன் நோய் உள்ளவர் உடலில் அந்தக் கலாசி இல்லை. அல்லது இருந்தும் வேலை செய்வதில்லை. விளைவு இரண்டு. ஏற்றுவார் இல்லாமையால் வேகன்கள் வெறுமையாகவே புறப்படுகின்றன. செம்பு ஏறாத செருலோபிளாஸ்மின் விரைவில் சிதைந்துபோகும். ஆகவே இரத்தத்தில் அப்புரதத்தின் அளவு குறைந்து காணப்படும். மற்றொரு புறம், வெளியேற வேண்டிய செம்பு யார்டிலேயே குவிகிறது. குவிந்த செம்பு ஈரலின் உயிரணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. ஆண்டுகள் பல சென்று யார்டு நிரம்பி வழியும்போது, செம்பு இரத்தத்தில் கலந்து மூளையிலும், கண்ணின் கருவிழி விளிம்பிலும், சிறுநீரகத்திலும் சென்று படிகிறது.

உடலில் செம்பு மிகுந்திருக்க, செம்பைச் சுமக்கும் புரதமோ குறைந்திருப்பது ஏன் என்னும் புதிருக்கு விடை இதுவே. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் "செருலோபிளாஸ்மின் குறைவு" என்று கண்டு, "செம்புச் சத்து குறைவாம், செப்புப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்" என்று யாரேனும் யோசனை கூறினால், அது எவ்வளவு விபரீதம் என்பதும் இதனால் விளங்கும்.

கண்டறிந்தவர்கள்

இந்நோயை 1912-ஆம் ஆண்டில் முதன்முதலாக விரிவாக விவரித்தவர் லண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன் என்னும் நரம்பியல் மருத்துவர். கைநடுக்கமும் பேச்சுக் குழறலும் கொண்ட இளம் நோயாளிகளுக்கு ஈரலும் சுருங்கியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அது குடும்பங்களில் தொடர்ந்து வருவதென்பதையும் கண்டார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1902-இலும் 1903-இலும், கைசர், பிளைஷர் என்னும் இரு ஜெர்மன் கண் மருத்துவர்கள் கருவிழியின் விளிம்பில் பசுமையும் பழுப்பும் கலந்த ஒரு வளையத்தைக் கண்டு எழுதியிருந்தார்கள். அது செம்பின் படிவு என்பது பின்னரே தெளிவாயிற்று. 1948-இல் சுவீடன் நாட்டு ஹோம்பெர்க், லாரெல் என்னும் இருவர் அந்த நீலப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். வில்சன் நோயில் அது குறைந்திருப்பதை 1952-இல் அமெரிக்காவின் ஷைன்பெர்க், கிட்லின் ஆகியோர் காட்டினர். கோளாறுள்ள மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருப்பது 1993-இல் கண்டறியப்பட்டது.

இதெல்லாம் வெள்ளையர் நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. நம் பம்பாய் நகரிலேயே தஸ்தூர், மங்கானி, வாடியா என்னும் மூவர் இந்தியாவில் வில்சன் நோயை ஆராய்ந்து, 16 குடும்பங்களின் வரலாற்றை 1968-இல் ஓர் அமெரிக்க நரம்பியல் இதழில் வெளியிட்டார்கள். நோயாளிகளை எண்ணாமல் குடும்பங்களை எண்ணினார்கள் என்பதைக் கவனியுங்கள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்து மருத்துவர்கள், முப்பதாண்டுக் காலத்தில் தாங்கள் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007-இல் எழுதினார்கள். உலகில் ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. உறவுக்குள் மணம் மிகுந்த சமூகங்களில் இது கூடும்.

இதற்குச் சகோதரன் போன்ற மற்றொரு நோயும் உண்டு. மேலே சொன்ன லாரெல்தான், எரிக்சன் என்பவரோடு சேர்ந்து, 1963-இல் சுவீடனின் மால்மோ நகரில் அதனையும் கண்டவர். ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்பது ஈரலில் உண்டாகி, இரத்தத்தின் வழியே சென்று நுரையீரலைக் காக்கும் புரதம். சிலருக்கு அது பிறவியிலேயே கோணலாக மடிந்து உருவாவதால் ஈரலிலிருந்து வெளியேற மாட்டாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. காவல் இழந்த நுரையீரல் ஒருபுறமும், சுமை தாங்காத ஈரல் ஒருபுறமும் கெடுகின்றன. ஐரோப்பிய வழியினரிடையே இது மிகுதி. நம் நாட்டில் அரிது. ஆயினும் இரு நோய்களும் புகட்டும் பாடம் ஒன்றே. வயது வந்தவர் ஒருவருடைய ஈரலில் தழும்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே, சாதாரண ஈரல் பரிசோதனைச் சீட்டு ஒழுங்காக இருக்கக் கூடும். சீட்டில் குறையில்லை என்பதற்காக ஈரலில் குறையில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஈரல் காட்டும் குறிகள்

வில்சன் நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில் வெளிப்படுகிறது. அதற்குப் பின்னர் வெளிப்பட்டவர்களும் உண்டு. சிறுவர்களிடத்தில் பெரும்பாலும் ஈரல் நோயாகவும், வாலிபத்தில் பலருக்கு நரம்பு நோயாகவும் தோன்றும்.

ஈரல் வழியாக வரும்போது அதற்கென்று தனி அடையாளம் இல்லை. களைப்பு, பசியின்மை, வந்து வந்து போகும் காமாலை, கால் வீக்கம், வயிற்றில் நீர் கோத்தல், மண்ணீரல் பெருத்தல், இரத்த வாந்தி ஆகிய எல்லாம் பிற ஈரல் நோய்களுக்கும் பொதுவானவை. சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் திடீரென்று சிதைந்து, சோகையும் காமாலையும் ஒருசேர வரும். இன்னும் சிலருக்கு முன்னறிவிப்பு எதுவுமின்றி ஈரல் சில நாட்களிலேயே செயலற்றுப்போகும். இது உயிருக்கு ஆபத்தான நிலை.

காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். தொற்றினால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது. ஆகவே புகழ் கீழாநெல்லிக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் ஒரே ஆளுக்கு மீண்டும் மீண்டும் காமாலை வந்தாலும், காமாலை தணிந்தும் களைப்புத் தணியாவிட்டாலும், தொற்று இல்லை என்று தெரிந்த பின்னும் ஈரல் பரிசோதனையில் கோளாறு நீடித்தாலும், வீட்டு மருத்துவத்தோடு நின்றுவிடுவது தகாது.

நரம்பின் வழியாக வரும்போது குறிகள் வேறு. எங்களைப்போன்ற குமாஸ்தாக்கள் உடனே கவனிக்கக் கூடிய ஒன்று கையெழுத்து. முத்து முத்தாக எழுதிய பிள்ளையின் எழுத்து சில திங்களில் சிதைவது, கை நடுங்குவது, பேச்சுக் குழறுவது, வாயில் உமிழ்நீர் வடிவது, நடை தடுமாறுவது ஆகியவை அத்தகையன. படிப்பில் திடீர்ச் சரிவும், காரணமற்ற கோபமும், அழுகையும் சிலரிடத்தில் முதற்குறியாக வரும். "பிள்ளைக்குத் திமிர்" என்று அடிப்பவர்களும், "காற்றுக் கருப்பு" என்று கோடாங்கியிடம் அழைத்துப் போகிறவர்களும் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னென்ன பரிசோதனைகள்

இந்நோயில் எந்த ஒரு பரிசோதனையும் தனித்து நின்று தீர்ப்புக் கூறிவிடாது. பல சாட்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வருவார்.

முதலாவது, இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவு. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டரில், 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஐயத்திற்கு இடமுண்டு. 10-க்கும் குறைந்தால் ஐயம் வலுக்கிறது. எனினும் உடலில் அழற்சி இருக்கும்போதும், கருவுற்ற காலத்திலும், கருத்தடை மாத்திரை உண்ணும்போதும் இப்புரதம் ஏறும். ஆகவே நோய் இருந்தும் அளவு சரியாகக் காணலாம். நோயில்லாமல், கோளாறுள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கும் இது சற்றுக் குறைந்திருப்பதுண்டு.

இரண்டாவது, கண் பரிசோதனை. கைசர், பிளைஷர் கண்ட வளையத்தை ஸ்லிட் லாம்ப் என்னும் விளக்குக் கருவியால் கண் மருத்துவர் பார்ப்பார். நம்மவர் விழி கரியதாகையால் வெறுங்கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. நரம்பு நோயாக வந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இவ்வளையம் இருக்கும். ஈரல் நோயாக மட்டும் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கே இருக்கும். எனவே வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

மூன்றாவது, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு. குறிகள் வெளிப்பட்ட நோயாளிக்கு அது பெரும்பாலும் 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். குறியற்ற உடன்பிறந்தாரிடத்திலும் சிறுவரிடத்திலும் 40-க்கு மேற்பட்டாலே மருத்துவர் கூர்ந்து நோக்குவார். இப்பரிசோதனையில் பிழை நேர்வது பெரும்பாலும் சேகரிக்கும் முறையில்தான். காலையில் எழுந்து கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதன்பின் அன்று முழுவதும், இரவிலும், மறுநாள் காலை எழுந்தவுடன் கழிப்பது வரையிலும், ஒரு துளியும் விடாமல் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் கொடுக்கும் சுத்தமான கலத்திலேயே சேர்க்க வேண்டும். வீட்டுப் பாத்திரம் உதவாது. நடுவில் ஒரு தடவை விட்டுப்போனால் அன்றைய கணக்கே தவறு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குவது நல்லது.

நான்காவது, ஈரலையே பார்ப்பது. இரத்தத்தில் ஈரல் என்சைம்கள், பித்தநிறமி, தட்டணுக்கள் முதலியவற்றின் அளவு பார்க்கப்படும். வயிற்றின் ஒலியலைப் படம் எடுக்கப்படும். ஈரலின் விறைப்பை வலியின்றி அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் என்னும் கருவியும் இப்போது பெரிய மருத்துவமனைகளில் உண்டு. விறைப்பு மிகுந்தால் தழும்பு மிகுந்தது என்று பொருள். ஐயம் தீராவிடில் ஊசியால் ஈரலிலிருந்து ஓர் இழையளவு எடுத்துச் செம்பை அளப்பார்கள். உலர்ந்த ஈரல் ஒரு கிராமில் 250 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இருந்தால் அது வலிமையான சாட்சி.

ஐந்தாவது, மரபணுப் பரிசோதனை. நோயாளியிடத்தில் மரபணுப் பிழை எது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதே பிழை உடன்பிறந்தாரிடத்தில் உண்டா என்று பார்ப்பது எளிது. விடையும் தெளிவாகக் கிடைக்கும்.

இச்சாட்சிகள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டும் முறை ஒன்றை, 2001-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கூடிய மருத்துவர்கள் வகுத்தார்கள். 4 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் நோய் உறுதி. பள்ளிப் பரீட்சையில் மதிப்பெண் வாங்க ஆசைப்படுகிறோம். இதிலோ வாங்காதிருக்க வேண்டுகிறோம்.

வடாலாவில் இருப்பவர்களுக்குப் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையும், சயானில் உள்ள லோகமான்ய திலக் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. இரண்டும் மாநகராட்சியுடையவை. ரயில்வே ஊழியர் தத்தம் ரயில்வே மருத்துவமனை வழியாகவே மேல்சிகிச்சைக்குச் சீட்டுப் பெறலாம்.

நான்கில் ஒன்று என்னும் கணக்கு

நம் மரபணுக்கள் இரட்டையாக வருகின்றன. ஒன்று தாயினுடையது, மற்றொன்று தந்தையினுடையது. இரண்டில் ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அத்தகையவர் நோயாளி அல்லர்; பழுதைச் சுமப்பவர் மட்டுமே. அவருக்கு மருந்து வேண்டுவதில்லை. தாயும் தந்தையும் இருவருமே இப்படிச் சுமப்பவராக இருந்து, இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் நோய்.

அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 4-இல் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதனைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டு, "நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு வந்துவிட்டது, மற்ற மூன்றும் தப்பின" என்று ஆறுதல் கொள்கிறார்கள். கணக்கு அப்படி அன்று. ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஒரு வீட்டில் நால்வருள் இருவருக்கும் இருக்கலாம்; மூவருக்கும் இருக்கலாம். ஆண் பெண் என்ற பேதமும் இல்லை.

அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகளையும் மணப்பது நம்முள் நெடுங்கால வழக்கம். ஊரை விட்டு வந்த நம்மைப்போன்ற குடும்பங்களுக்கு அது ஊரோடுள்ள கயிறு அறுந்துபோகாமல் காத்தும் வந்திருக்கிறது. அவ்வழக்கத்தை இகழ்வது என் நோக்கமன்று. ஆயினும் ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த பழுது இரு வழியாகவும் வந்து ஒரு பிள்ளையிடத்தில் சேர்வதற்கு அவ்வழக்கம் இடம் கொடுக்கிறது. வில்சன் நோயுள்ள ஒருவர் உறவல்லாதவரை மணந்தால், பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு வாய்ப்புத்தான். சொந்த மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் அது 8-இல் ஒன்று என்ற அளவுக்கு ஏறிவிடுகிறது. இந்நோய் கண்ட குடும்பத்தார் சம்பந்தம் பேசும்போது இவ்விரண்டு எண்களையும் எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் மருமகளைப் பார்த்து, "நீ சமைத்த பாத்திரத்தால் வந்தது" என்று பழி சொல்வதும் உண்டு. இதற்கு ஒரு விளக்கம் தேவை. பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலால் குழந்தைகளின் ஈரல் கெட்டதுண்டு. அது வேறு நோய். புனேயைச் சேர்ந்த பாவே, பண்டிட் என்னும் மருத்துவர்கள் இங்கிலாந்தின் டானரோடு சேர்ந்து 1980-களில் அதனை ஆராய்ந்தார்கள். எவர்சில்வர் பாத்திரம் பரவியபின் அந்நோயும் பெரும்பாலும் மறைந்தது. வில்சன் நோய் பாத்திரத்தால் வருவதன்று, பிறப்பால் வருவது. அதிலும் தாயின் பங்கு பாதி, தந்தையின் பங்கு பாதி. பழி சொல்ல வேண்டுமாயின் இரு வீட்டுப் பாட்டன் பூட்டனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரன் பார்க்கும் வீட்டில்

பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்லப்படும் காரணங்களுள் முதலாவது கல்யாணம். "மகனுக்கு வந்தது வந்துவிட்டது. இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதை நாலுபேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று பேசுகிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களின் அச்சம் பொய்யன்று. நம் சமூகம் பேசும் பேச்சை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். அப்பெண்ணுக்கு நோய் இருந்தால், கல்யாணம் வரை அது காத்திருக்கப் போவதில்லை. செம்பு நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கிறது. புகுந்த வீட்டில் ஓராண்டிலோ ஈராண்டிலோ அவள் காமாலையில் விழும்போது, "மறைத்துக் கொடுத்தார்கள்" என்னும் பழி அவள் தலைமேல் விழும். அப்போது ஈரலும் கெட்டிருக்கும், மணவாழ்வும் கெட்டிருக்கும். முன்னதாகவே கண்டிருந்தால், நாளும் சில மாத்திரைகள் உண்டு, வேலைக்குப் போய், மணந்து, பிள்ளை பெற்று வாழலாம். கருவுற்ற காலத்திலும் மருந்தை நிறுத்துவதில்லை. மருத்துவர் அளவை மட்டும் சரிசெய்வார்.

மற்றொன்றும் உண்டு. பரிசோதித்தபின் நோயில்லை என்று தெரிவதற்கே வாய்ப்பு மிகுதி. நான்கில் மூன்று பங்கு. அந்த மூன்று பங்கு நற்செய்தியையும் அன்றோ நாம் கேளாமல் விடுகிறோம்? பழுதைச் சுமப்பவர் என்று தெரிந்தாலும் அது குறையன்று. ஏறக்குறைய 90 பேரில் ஒருவர் அப்படித்தான் இருக்கிறார். நீங்களும் நானும் இருக்கலாம்.

மருந்தும் உணவும்

இந்நோய்க்கு வாய்வழி உண்ணும் மருந்தை 1956-இல் கொண்டுவந்தவர் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர். பெனிசிலினிலிருந்து கிடைக்கும் பெனிசிலமின் என்னும் பொருள் செம்பைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றும் என்று கருதி, அதனை முதலில் தாமே உண்டு பார்த்து, பிறகு நோயாளிக்குக் கொடுத்தார். பின்னர் டிரையன்டீன் என்னும் மருந்தையும் அவரே அறிமுகம் செய்தார். துத்தநாக மாத்திரை மூன்றாவது வழி; அது குடலிலேயே செம்பைத் தடுத்து நிறுத்துகிறது. குறி வெளிப்படாமல் கண்டுபிடிக்கப்பட்ட உடன்பிறந்தார் பலருக்குத் துத்தநாகமே போதுமானதாக இருக்கக் கூடும். எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

பெனிசிலமினை வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி முன்னதாகவோ இரண்டு மணி பின்னதாகவோ உண்ண வேண்டும். அதனோடு பைரிடாக்சின் என்னும் வைட்டமினும் கொடுப்பார்கள். தோலில் தடிப்பு, சிறுநீரில் புரதம் போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வருவதால், குறித்த நாளில் இரத்தமும் சிறுநீரும் காட்ட வேண்டும்.

ஆட்டீரல், நண்டு, சிப்பி, முந்திரி முதலிய கொட்டைகள், காளான், சாக்லேட் ஆகியவற்றில் செம்பு மிகுதி. தொடக்கத்திலேனும் இவற்றை விலக்குவார்கள். செப்புக் குடத்துத் தண்ணீர் உடலுக்கு நல்லது என்ற பேச்சு இப்போது பரவியிருக்கிறது. மற்றவர்க்கு எப்படியோ, வில்சன் நோயுள்ள வீட்டில் அந்தக் குடம் பரண்மேல் ஏறட்டும். மது அறவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்துவது. "மூன்று வருஷம் சாப்பிட்டாயிற்று, இப்போது ஒன்றுமில்லையே" என்று தாமாக நிறுத்தியவர்களுக்குச் சில திங்களிலோ சில ஆண்டுகளிலோ ஈரல் திடீரென்று செயலிழந்து உயிர் போனதுண்டு. கலாசி இன்னும் வேலைக்கு வரவில்லை. மாத்திரைதான் அவருடைய வேலையைப் பார்க்கிறது. இதனை மறவாதிருந்தால் போதும். ஈரல் முற்றும் கெட்டவருக்கு மாற்று ஈரல் பொருத்தும் வழி உண்டு. புதிய ஈரலில் கலாசி இருப்பதால் செம்பின் தொல்லையும் தீர்ந்துவிடும். பழுதைச் சுமக்கும் தாயோ தந்தையோகூடத் தம் ஈரலில் ஒரு பகுதியைத் தானமாகக் கொடுக்கலாம். ஆயினும் அது பெருஞ்செலவும் பெருந்துன்பமும் உடையது. அந்த நிலைக்கு வராமல் காப்பதே அறிவுடைமை.

ஊருக்கும் சொல்லுங்கள்

நம்மைப்போன்ற குடும்பங்களுக்கென்றே ஒரு தனி இடர் உண்டு. அண்ணன் வடாலாவில், தங்கை திருநெல்வேலியில், தம்பி துபாயில் என்று உடன்பிறந்தார் சிதறிக் கிடக்கிறோம். இங்குள்ள மருத்துவர் இங்குள்ளவரைத்தான் பரிசோதிக்க முடியும். ஊரிலுள்ள தங்கையைத் தேடிப் போக மாட்டார். அவளுக்குச் செய்தி சொல்ல வேண்டியவர்கள் நாமே. தொலைபேசியில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொன்னால் போதாது. நோயின் பெயர் இன்னது, இன்னின்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி, நோயாளியின் பரிசோதனைச் சீட்டுகளின் நகலையும், மரபணு முடிவு இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அங்குள்ள மருத்துவருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

மருத்துவமனைத் தாள்களைத் தேதி வரிசையாக ஒரே கோப்பில் வையுங்கள். விடுமுறைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறும்போது அந்தக் கோப்பும், திரும்பி வரும் நாளைக்கு மேலும் இரண்டு வாரத்துக்குப் போதுமான மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டுப் பலகைக்கடியில் தள்ளிவிட வேண்டா.

இதனைப் படிக்கும் ஆயிரம் வீடுகளில் ஒன்றிலும் இந்நோய் இல்லாமலிருக்கலாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் இளவயதில் காரணம் தெரியாமல் ஈரல் நோயால் இறந்த ஓர் அண்ணனையோ அத்தையையோ பற்றிய பேச்சு உங்கள் வீட்டில் உண்டா? கை நடுங்கி, பேச்சுக் குழறிப் படுக்கையில் விழுந்த ஓர் உறவினரைப் பாட்டி எப்போதாவது நினைவுகூர்ந்ததுண்டா? இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதனையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "வில்சன் நோய்க்குப் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். பாட்டியின் நினைவு வெறும் பழங்கதையன்று. பேரப்பிள்ளையின் ஈரலைப் பற்றிய முதல் தடயம் அதில் இருக்கக் கூடும்.